நீளமான சொல்லாகப் பார்த்து

லிஃப்ட்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. லிஃப்ட் ரிப்பேருக்குப் போகிற கட்டடங்களின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார், 'அவுட் ஆஃப் சர்வீஸ்' அட்டையைத் தலைகீழாக இல்லாமல் மாட்டுவார், அதற்குமேல் ஒன்றும் வராது. அப்படிப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மொட்டைமாடி மெஷின் ரூமில், மோட்டாருக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு செல்போனில் ஆங்கில அகராதியைத் திறந்து வைத்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? கூட வேலை பார்த்தவர்கள் வாய்விட்டே கேட்டார்கள். "என்னண்ணே, கலெக்டர் பரிட்சை எழுதப் போறீங்களா?" அவர் பதில் சொல்லவில்லை. பதில் வரும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை. கம்பெனியில் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பெயர்.

அவர் அர்த்தம் தேடவில்லை. அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு ஸ்பீக்கர் படம் இருக்கும். தொட்டால் ஒரு பெண் குரல் அந்தச் சொல்லை உச்சரித்துக் காட்டும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆமைப் படம். அதைத் தொட்டால் அதே குரல் அதே சொல்லைத் துண்டு துண்டாக, நின்று நிதானமாகச் சொல்லும். அந்தக் குரல் அவருடைய மனைவியுடையது. அவள் போய் ஒரு மழைக்காலம் முடிந்து இன்னொன்று வந்திருந்தது.

அவளைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளிக்கூடத்தில் வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. அகராதிக்குக் குரல் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றாள், எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை இப்படி: ஒரு சொல்லை மூன்று தடவை சொல்ல வேண்டும். முதலில் துண்டு துண்டாக உடைத்து. பிறகு எந்தத் துண்டில் அழுத்தம் விழுகிறதோ அதை மட்டும் கனமாக வைத்து. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, படித்தவர் யாரோ போகிற போக்கில் சொல்வது மாதிரி. நாற்காலி, மேசை மாதிரிச் சின்னச் சொற்களுக்குப் பிரச்சினை இல்லை. ரயில் மாதிரி நீண்டுகொண்டே போகிற சொற்கள்தான் உயிரை எடுக்கும். அவற்றை அவள் வாலிலிருந்து கட்டுவாள். கடைசித் துண்டை முதலில் சொல்லிப் பார்த்து, அதற்கு முந்தையதைச் சேர்த்து, அதற்கும் முந்தையதைச் சேர்த்து, அப்படியே பின்னோக்கி நடந்து தலைக்கு வந்து சேருவாள். அடுப்படியில் நின்று பழகுவாள். ஒரு கையில் கரண்டி இருக்கும், இன்னொரு கையின் விரல் சமையல் மேடையைத் தட்டிக்கொண்டிருக்கும். கனமான துண்டு வரும்போது மட்டும் தட்டு பலமாக விழும்.

இவர் வேலையிலிருந்து வந்து சாய்ந்திருப்பார். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் நின்று, கம்பிவடம் எங்கே உரசுகிறது, பேரிங் எங்கே முனகுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றவர். வீட்டுக்கு வந்தால் காதுக்கு ஓய்வு வேண்டும். "கதவச் சாத்திக்க" என்பார். அவள் சாத்திக்கொள்வாள். கோபக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, கேட்டதை வாங்கிக் கொடுக்காமல் இருந்ததில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். அவள் பத்து வார்த்தை சொன்னால் இவர் 'ம்' என்பார். அந்த 'ம்' சம்மதமா, மறுப்பா, காதில் விழுந்ததற்கு அத்தாட்சியா என்று அவளே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மூச்சு வாங்கி நிற்பாள், "உங்க கட்டடத்துக்கெல்லாம் நான் குடி போகக் கூடாதா?" என்று கேட்பாள். அதற்கும் 'ம்'தான்.

ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சீக்கிரம் ஒரு மனுஷி இல்லாமல் போக முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மகள் சில நாள் இருந்து, துணிகளைப் பிரித்துக் கொடுத்து, ஃப்ரிட்ஜைத் துடைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். தினமும் போன் பண்ணினாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"இருந்தத."

"தனியா இருக்கறது ஒரு மாதிரி இருக்காப்பா? இங்க வந்துடுங்களேன்."

"வேலை இருக்கு."

அதோடு பேச்சு முடிந்துவிடும். போனை வைத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகிவிடும். இத்தனை வருஷம் அவர் ஆசைப்பட்ட அமைதி அதுதான், கதவைச் சாத்தாமலே கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. டி.வி.யைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பார். குழாய் சொட்டினால் சரி செய்யாமல் விட்டு வைத்தார், மெக்கானிக்காக இருந்தும்.

அவள் குரல் மறந்துகொண்டு வருகிறது என்பது ஒரு நாள் அவருக்குப் பிடிபட்டது. முகம் இருந்தது, போட்டோ இருந்தது. குரல்தான் நழுவிக்கொண்டே போனது. கல்யாண வீடியோவில் பாட்டுச் சத்தம் மட்டும்தான். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அனுப்பியிருந்தாலும் இவர் திறந்து கேட்டிருக்கப் போவதில்லை. இதை மகளிடம் எப்படியோ வாய் திறந்து சொல்லிவிட்டார். அடுத்த தடவை வந்தபோது மகள் அந்த அகராதியை அவர் போனில் இறக்கி, ஸ்பீக்கர் படத்தையும் ஆமையையும் காட்டினாள்.

அன்றிலிருந்து நீளமான சொல்லாகப் பார்த்துத் தேட ஆரம்பித்தார். காரணம் எளிது. சின்னச் சொல்லைத் தொட்டால் அவள் வந்த வேகத்தில் போய்விடுவாள். நீளமான சொல் என்றால் கொஞ்ச நேரம் இருப்பாள். அர்த்தம் தெரியாததால் கண்ணால் அளந்து எடுத்தார். திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளுகிற சொல்தான் அவருக்குப் பிடித்த சொல். மற்றவர்கள் அகராதியில் அர்த்தத்தைத் தேடுவார்கள், இவர் நீளத்தைத் தேடினார்.

கேட்டுக் கேட்டு ஒரு விஷயம் தெளிந்தது. எத்தனை துண்டு இருந்தாலும் ஒரு துண்டில்தான் அவள் ஏறி உட்காருவாள், மற்றதெல்லாம் லேசாகக் கடந்து போகும். அந்த எடை கண்ட இடத்தில் விழுவதில்லை. வால் 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்தின துண்டில்தான் விழும். இன்டர்நேஷனலைசேஷன் என்று எவ்வளவு தூரம் இழுத்தாலும் கனம் 'சே'யில்தான். 'ரெஸ்பான்சிபிள்' என்றால் 'ஸ்பான்' கனம். அதிலேயே 'டி' என்று முடிகிற வாலை ஒட்டி 'ரெஸ்பான்சிபிலிட்டி' ஆக்கினால் கனம் அங்கிருந்து நகர்ந்து 'பி'க்குப் போய்விடுகிறது. லிஃப்ட் பெட்டியின் அளவை மாற்றினால் அதற்கு ஈடாகத் தொங்குகிற எதிர் எடையையும் மாற்றித்தானே ஆகவேண்டும்? இது அவருக்கு உடனே புரிந்தது. ஆனால் 'னெஸ்' என்று ஒரு வால் இருக்கிறது. அது எந்த எடையையும் நகர்த்துவதில்லை. கடைசியில் வந்து ஒட்டிக்கொண்டு சும்மா வரும். அதைக் கேட்கும்போது தன்னைப் பற்றி யாரோ சொல்வது போலிருக்கும் அவருக்கு.

இன்னொன்றும் கவனித்தார். அது நல்ல கவனிப்பு இல்லை. ஆமைப் படத்தைத் தொட்டால் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியில் ஒன்றுமே கேட்காது. மெஷின் சத்தத்திலேயே பழகிய காது, போனைச் செவியோடு ஒட்டி வைத்துக் கேட்டது. மூச்சு இல்லை. எவ்வளவு நீளமான சொல்லிலும் ஓர் இடத்தில்கூட அவள் மூச்சு விடவில்லை. ஒரு மனுஷி எப்படி மூச்சு விடாமல் பேசுவாள்? மூன்றாவது மாடிக்கே மூச்சு வாங்குகிறவள். அது அவளாகவும் இருந்தது, அவளாக இல்லாமலும் இருந்தது. அவருக்கு அவள் சொன்ன சொல் போதவில்லை. ஒரு வாக்கியம் வேண்டும் என்று இருந்தது. 'ஃபேனப் போடுங்க' என்கிற மாதிரி ஒன்று போதும், யாரிடமாவது அவள் சொன்னது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம் மெஷின் ரூமில் அவர் ஆமையைத் தொட, வேறு யாரோ பேசினாள். முதலில் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார். வேறு சொல்லைத் தொட்டார், அங்கேயும் அதே புதுப் பெண். சின்ன வயசுக் குரல், சுத்தமான உச்சரிப்பு, எடையெல்லாம் சரியான இடத்தில். அவருக்குப் போனை எங்கேயாவது கொண்டு போய்ப் போட்டு உடைக்க வேண்டும் போல் இருந்தது. மகளுக்குப் போன் பண்ணினார். அவராக அவளுக்குப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை என்பதால் அவள் பயந்துவிட்டாள்.

"என்னாச்சுப்பா?"

"அம்மா இல்ல."

"அப்பா... என்னப்பா சொல்றீங்க?"

"அதுல. அம்மா இல்ல. வேற யாரோ பேசறா."

மகள் பார்த்துவிட்டுச் சொன்னாள், அகராதியைப் புதுப்பித்திருக்கிறார்களாம், குரல் மொத்தத்தையும் மாற்றிவிட்டார்களாம். "அம்மா வேலை பாத்த எடம் எனக்குத் தெரியும்பா. விலாசம் அனுப்பறேன். பழசு அவங்ககிட்ட இருக்கும், போய்க் கேளுங்க. கேக்கணும்பா, வாயத் திறந்து கேக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னாள். அப்பாவை அவளுக்குத் தெரியும்.

அது ஒரு வீட்டின் மாடிப் பகுதி. படிக்கட்டு ஏறும்போதே என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். உள்ளே ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் சுவரெல்லாம் பஞ்சுப்பலகை ஒட்டிய சின்ன அறை, ஒரு நாற்காலி, ஒரு மைக். இந்தப் பக்கம் கம்ப்யூட்டரோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டிங் செய்கிறவர். மகள் வயதுதான் இருக்கும்.

"யாரப் பாக்கணும் சார்?"

மனதில் அடுக்கி வைத்திருந்தது கலைந்துவிட்டது. செல்போனை நீட்டினார். அகராதி திறந்திருந்தது. "இதுல முன்னாடி பேசினாங்கள்ல. அவங்க வீட்டுக்காரர்" என்றார்.

ரெக்கார்டிங்காரர் எழுந்து நின்றுவிட்டார். "அக்காவோட..." என்று ஆரம்பித்து, அக்காவின் கணவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறி, பத்திரமான சொல்லுக்கே திரும்பினார். "சார், உக்காருங்க சார். அக்கா போனது எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"குரல மாத்திட்டாங்க."

"ஆமா சார். இனிமே புதுசா சேக்கற வார்த்தைக்கெல்லாம் ஆள் வேணும்ல. ஒரே குரலா இருக்கட்டும்னு முதல்லேர்ந்து வேற ஒருத்தங்கள வெச்சு எடுத்துட்டாங்க. பழசு எங்கிட்ட இருக்கு. அக்கா சொன்ன அத்தனை வார்த்தையும் காப்பி பண்ணித் தரேன், கவலைப்படாதீங்க."

கேட்டது கிடைத்துவிட்டது, எழுந்து போயிருக்கலாம். லிஃப்ட்காரர் எழுந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"வார்த்தை இல்ல. நடுவுல ஏதாச்சும் பேசியிருப்பாள்ல? தண்ணி வேணும், கால் வலிக்குது... அந்த மாதிரி. சும்மா பேசினது."

ரெக்கார்டிங்காரர் தலையைச் சொறிந்தார். "எங்க வேலையே அத வெட்டறதுதான் சார். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல மூச்சு வரக் கூடாது, எச்சில் முழுங்கற சத்தம் வரக் கூடாது. பேச்சு வந்தா அன்னிக்கே அழிச்சிடுவோம்."

"ஓ" என்றார் லிஃப்ட்காரர். முகம் அப்படியேதான் இருந்தது. கை மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த ரெக்கார்டிங்காரருக்கு என்ன தோன்றியதோ, "இருங்க, ஒண்ணே ஒண்ணு இருக்கும்னு நெனைக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "ஒரு நீளமான வார்த்தை. அக்காவுக்கு வரவே இல்ல. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு வேலையே கெட்டுப்போச்சு. அழிக்க மனசு வரல." தேடிக் கண்டுபிடித்து ஓட விட்டார்.

முதலில் வந்தது மூச்சு. நீளமாக உள்ளே இழுத்த மூச்சு. லிஃப்ட்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்... கம்... மியூ... னி... கே..."

"அக்கா, 'கே'ல ஏறாதீங்க. அது வெறும் 'க'. வெயிட்டெல்லாம் 'மியூ'லதான்."

"தெரியுதுப்பா, நாக்குக்குத் தெரியலியே. அன், கம், மியூ, னி, கே... ஐயோ!" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல் மாதிரி வருமே, அதுவும் வந்தது. அப்படி ஒன்று உண்டு என்பதையே அவர் மறந்து போயிருந்தார்.

"என்ன வார்த்தைக்கா இது, இவ்ளோ நீளம்?"

"அன்கம்யூனிக்கடிவ்னெஸ். பிரிச்சுப் பாத்தா ஒண்ணுமில்லப்பா. நடுவுல இருக்கறது பேசறது, மனசுல உள்ளதச் சொல்றது. முன்னால 'அன்'னு ஒண்ண ஒட்டினா இல்லன்னு ஆயிடும். பின்னால 'னெஸ்' ஒட்டினா, அந்தக் குணம். ரெண்டு பக்கமும் ஒட்டி, நடுவுல இருக்கற பேச்ச அமுக்கிட்டாங்க."

"அப்படின்னா?"

"எங்க வீட்டுக்காரர்னு அர்த்தம்."

ஸ்பீக்கரில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் சிரிக்கவில்லை, இன்னொருவருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் கை நிறுத்துவதற்குப் போனது. லிஃப்ட்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்பேனர் பிடித்த பிடி அது, அசைக்க முடியவில்லை.

"சிரிக்கறேனே தவிர, நல்ல மனுஷன்தாம்பா" என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. "பேசமாட்டார், அவ்வளவுதான். நானும் பேச வெச்சுடலாம்னு எத்தனையோ வருஷம் பாத்தேன். இப்ப விட்டுட்டேன். வீட்ல நாள் முழுக்க என் குரல நானே கேக்கறதில்ல. இங்க வந்து கதவ மூடிட்டு உக்காந்தாத்தான் வாய் தொறக்குது. தலையும் வாலும் இல்லாத வார்த்தையா இருந்தா என்ன, எங்கயோ யாரோ ஒருத்தர் காது குடுத்துக் கேப்பாங்கல்ல?"

ரெக்கார்டிங்காரர் மறு கையால் அவசரமாக நிறுத்தினார்.

"சார், இதுல இது இருக்குங்கறத நான் மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க. அந்தக் கடைசிப் பகுதிய வெட்டிட்டு, சிரிச்சது வரைக்கும் காப்பி பண்ணித் தரட்டுமா? வெட்டினதே தெரியாது."

"வெட்டாதீங்க."

"இல்ல சார், வீட்ல போட்டுக் கேக்கும்போது..."

"எங்கிட்ட சொல்ல வேண்டியத உங்ககிட்ட சொல்லியிருக்கா" என்றார் லிஃப்ட்காரர். "அதுல ஒரு எழுத்துகூட வெட்டாதீங்க." பிறகு அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறையைக் காட்டி, அவள் அங்கேதான் உட்காருவாளா என்று கேட்டார். அங்கே உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்கலாமா என்றும் கேட்டார். ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசியதை மகள் கேட்டிருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

நாற்காலி தாழ்வாக இருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். ரெக்கார்டிங்காரர் இரட்டைக் கதவைச் சாத்தியதும் வெளியுலகம் மொத்தமும் நின்றுவிட்டது. லிஃப்ட் குழியில்கூட இப்படி ஓர் அமைதியை அவர் கேட்டதில்லை. அவள் தினமும் இதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள், பேசுவதற்காக. அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

மூச்சு வந்தது. துண்டுகள் வந்தன. சிரிப்பு வந்தது, விக்கல் வந்தது. நல்ல மனுஷன்தாம்பா என்றாள். எங்கயோ யாரோ ஒருத்தர் காது குடுத்துக் கேப்பாங்கல்ல என்றாள். முன்னால் நிறுத்திய இடத்தில் இந்தத் தடவை நிறுத்தவில்லை. அவள் சும்மா இருந்தாள், இவர் காதுக்குள் மூச்சு விட்டுக்கொண்டு.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவருக்கு லிஃப்ட்காரரின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. காதை மூடியிருந்தவர் தன்னையறியாமல் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கறேன். நான்தான் கேட்டுட்டிருக்கேன், தினமும் கேக்கறேன். புரியாத வார்த்தையெல்லாம் தேடித் தேடிக் கேக்கறேன். நீ சொல்லு. இன்னிக்கு என்ன ஆச்சு, யார் வந்தா, என்ன வேணும், எல்லாத்தையும் சொல்லு, நான்..."

அந்த இடைவெளி சின்னதுதான். அவர் முடிப்பதற்குள் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி தம்பி, போடு, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த டேக்குக்குப் போய்விட்டாள். அன், கம், மியூ, னி, க, டிவ், னெஸ். இந்தத் தடவை அவள் எங்கேயும் தடுமாறவில்லை.